எங்க மெஷினா இருந்திருந்தா

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், பட்டறைதானே இது. அந்தச் சேர் வேண்டாங்க, அது ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும், போன்லயே சொன்னீங்க. ஆஸ்பத்திரிக்காரங்க எங்க மெஷினையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு உங்க கம்பெனி மெஷினை வெச்சுட்டாங்க. ஆனா சனங்க கையில இருக்கறது இன்னும் எங்க கார்டு. அதை உங்க மெஷின்ல சொருகினா படிக்க மாட்டேங்குது. அதனால கார்டுக்குள்ள எது எது எங்கெங்க இருக்குதுன்னு நான் சொல்லோணும், பூட்டு திறக்கற சாவி நம்பரையும் குடுக்கோணும். அதானுங்களே? இதே விசயமா உங்களுக்கு முந்தியும் ஆளுங்க வந்தாங்க. டையெல்லாம் கட்டிக்கிட்டு வந்தாங்க. பேக்கரியில டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுட்டேன்.

உங்களை நானாத்தான் வரச் சொன்னேன். குடுத்துடறேன். ஆனா ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிப்போடறனுங்க. டொமினிக் சொன்னான்னு நான் இதைக் குடுக்கலை. அவன் சொன்னது தப்பு. அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு. யாவாரம் பண்றவனா இருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டான்.

டொமினிக் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளிய போர்டைப் பாத்தீங்களா, 'நாடோ சிஸ்டம்ஸ்'னு? நாச்சிமுத்துல இருந்து நா, டொமினிக்ல இருந்து டோ. பாலிடெக்னிக்ல ஒரே பெஞ்சு நாங்க. படிச்சு முடிச்சு ஆளுக்கொரு மில்லுல சேந்து, ரெண்டு பேருக்குமே அங்க ஒட்டாம, இந்தக் கணபதி ஏரியாவுல இந்த ஷெட்டை வாடகைக்குப் புடிச்சோம். பேரு வெச்சப்போ எல்லாரும் நாடோடிக நாடோடிகன்னுதான் கேலி பண்ணாங்க. அவன் பிரிஞ்சு போனப்பறம் பெயிண்டர் கேட்டான், "அண்ணா, போர்டை மாத்திறலாங்களா"ன்னு. 'டோ'வை எடுத்துட்டா 'நா' மட்டும் நிக்கும், அதை வெச்சு என்ன பண்றது? கெடக்கட்டும்னு உட்டுட்டேன். வேற ஒண்ணுமில்லீங்க.

முதல்ல மில்லு கேன்டீனுக்குத்தான் கார்டு போட்டோம். காலையில டிபனுக்கு ஒருக்கா சொருகறது, மத்தியானம் சோத்துக்கு ஒருக்கா சொருகறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கார்டுங்கற நெனப்பே டொமினிக்கோட நோவுல இருந்து வந்ததுங்க. அவனுக்கு நாடி சீராத் துடிக்காது. கொஞ்ச நேரம் குதிர மாதிரி ஓடும், கொஞ்ச நேரம் நொண்டும். அதனால உள்ள ரத்தம் கட்டிக்கும்னு சொல்லி, கட்டாம இருக்கறதுக்கு டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தாரு. தினமும் சாப்புடோணும். குடுக்கறப்பவே சொன்னாரு, "இதைச் சாப்புடறவங்களுக்கு அடிபட்டா ரத்தம் நிக்காது. எங்க போனாலும் இதைப் பத்தி ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பையில வெச்சுக்கங்க."

இவன் வந்து உக்காந்துக்கிட்டு, "நாச்சி, சீட்டு வேர்வையில நனைஞ்சு போயிருமே, கார்டுல போட்டா என்னடா?"ன்னான்.

அப்படித்தான் ஆரம்பிச்சது. இந்த டேபிள்லதான். பேரு, வயசு, ரத்த குரூப், என்ன வியாதி, என்ன மாத்திரை, எந்த மருந்து ஆகாது, எல்லாம் அந்தச் சின்ன சில்லுக்குள்ள. சோதனைக்கு வெள்ளைக் கார்டா கொஞ்சம் அடிச்சோம். மேல கம்பெனி பேரு, பின்னால இந்த ஆபீஸ் போன் நம்பரு, ஒரு வரிசை எண். ஆளு பேரு மேல அச்சடிக்கலை, எல்லாம் உள்ளதான். முதல் கார்டு எனக்கு, ரெண்டாவது அவனுக்கு. எனக்கு வியாதி ஒண்ணும் இல்லீங்களா, என்ற கார்டு வெறுங்கார்டா இருந்துச்சு. "உனக்கு ஏத்தறதுக்கே ஒண்ணுமில்லையேடா"ன்னு சிரிச்சான்.

வெளிய அலையறது நானு, உள்ள உக்காந்து மூளையைக் கசக்கறது அவன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கினேன் அம்மிணி. கோயமுத்தூர்ல, அவிநாசியில, அன்னூர்ல. டாக்டருங்க வாசல்ல மருந்துக் கம்பெனி ஆளுகளோட ஆளா நின்னேன். அஞ்சாறு வருசத்துல நல்லா நின்னுட்டோம்.

அப்பத்தான் மெட்ராஸ்ல ஒரு கூட்டம் போட்டாங்க. கார்டு போடற கம்பெனிக அத்தனையும் வரச் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு மச்சினன் வீட்டுக் கல்யாணம், டொமினிக்கைப் போயிட்டு வரச் சொன்னேன். நான் பண்ணுன ஒரே தப்பு அதுதானுங்க. நான் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

போயிட்டு வந்தவன் ரயில்வே ஸ்டேசன்ல இருந்து நேரா இங்க வந்தான். வீட்டுக்குக்கூடப் போகலை. முகமெல்லாம் பூரிப்பு. "நாச்சி, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கடா. கார்டுக்குள்ள எது எங்க இருக்கோணும்னு ஒரே முறை. எவன் போட்ட கார்டும் எவன் மெஷின்லயும் படிக்கலாம்!"

உங்களுக்கு இதெல்லாம் தெரியும், இருந்தாலும் சொல்றேன். கார்டு பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒரே அளவு, ஒரே சில்லு, அந்தத் தங்கக் கலர் பொட்டுகூட ஒரே இடத்துலதான் இருக்கும். அஞ்சறைப் பெட்டி மாதிரிங்க. எல்லா வீட்டுலயும் பெட்டி ஒண்ணுதான், ஆனா எங்க வீட்டுல நடுக்குழியில கடுகு இருக்கும், உங்க வீட்டுல சீரகம் இருக்கும். அதுலயும் நாங்க பெட்டியைப் பூட்டி வெச்சிருந்தோம். பூட்டித்தான வெக்கோணும்?

நான் அவன்கிட்ட நல்லபடியாத்தான் சொன்னேன். "டேய், கார்டுல நமக்கு என்னடா கெடைக்குது? மெஷின்லதான் சோறு. எவன் மெஷின்லயும் படிக்கும்னா நம்ம மெஷினை எவன் வாங்குவான்?"

"நல்ல மெஷினா இருந்தா வாங்குவான்."

"பெங்களூர்க்காரன் பாதி வெலைக்குக் குடுப்பான்டா."

அதுக்கு அவன் கேட்டான் பாருங்க. "நாச்சி, மயக்கம் போட்டு உழறவன், நம்ம மெஷின் இருக்கற ஆஸ்பத்திரி வாசலாப் பாத்தாடா போய் உழுவான்?"

இது ஒரு பேச்சுங்களா? எனக்கு வந்துச்சு கோவம். "போய்க் கூட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்கு நீ யாரு? கம்பெனி உன்னுது மட்டுமா?"ன்னுட்டேன். நம்ம கார்டு பூட்டியேதான் இருக்கும்னு முடிவாச் சொல்லிட்டேன். அவன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சான். எப்பவுமே அவன் அப்படித்தான், கோவம் வந்தா சத்தம் போட மாட்டான், தொடைச்சுக்கிட்டே இருப்பான். கொஞ்ச நாள் ஆபீசுக்கு வந்தான், போனான். அப்பறம் ஒரு நாள் காலையில டேபிளைச் சுத்தம் பண்ணி வெச்சுட்டு, "நான் வர்றன்டா"ன்னான்.

போறன்னு சொல்லலை பாருங்க. வர்றன்டான்னுட்டுப் போயிட்டான்.

பொதுமுறைக் கார்டுக்கு மாறுன ஒரு கம்பெனியில சேந்துக்கிட்டான். உங்க கம்பெனி இல்லீங்க, வேற. ஊர் ஊராப் போயி மெஷின் மாட்டற வேலை. இத்தனை வருசக் கூட்டாளி, நான் தடுக்கலைன்னா அப்படியே போயிறதா? ஒரு போன் பண்ணலை. நானும் பண்ணலை. அவந்தான பிரிஞ்சு போனான், அவந்தான பண்ணோணும்? கிறிஸ்துமசுக்கு செலின் மட்டும் கேக் குடுத்தனுப்பும். செலின் அவன் சம்சாரம், ஒண்டிப்புதூர்ல டீச்சரு. என்னை வாய் நெறைய அண்ணா அண்ணான்னு கூப்புடும்.

நாலு வருசம் போச்சு.

ஒரு நாள் மத்தியானம் சாப்புட்டுக் கை கழுவிட்டு வர்றேன், போன் அடிக்குது. ஒரு பொண்ணு. திருப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன்னுச்சு. "சார், பேரு தெரியாத பேசன்ட் ஒருத்தர் வந்திருக்காருங்க. சட்டைப் பையில உங்க கம்பெனி கார்டு இருக்கு. எங்க மெஷின்ல படிக்க மாட்டேங்குது. பின்னால நம்பர் இருக்கு, அதை வெச்சு யாருன்னு சொல்ல முடியுங்களா?"

இங்கதான் நீங்க என்ற நெலமையை யோசிக்கோணும். அப்ப எங்க கார்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்க அத்தனை பேரும் அலையறாங்க. ஒருத்தன் மில்லு மேனேஜர்னு சொல்லிப் பேசுவான். ஒருத்தன் டாக்டர்ம்பான். நம்பரைக் குடுத்து ஒரு தகவலை வாங்கினா, அதை வெச்சு மிச்சத்தைக் கண்டுபுடிச்சிறலாம்னு. ஏமாந்து இருக்க முடியுமுங்களா? எல்லாருக்கும் சொல்றதைத்தான் அந்தப் பொண்ணுக்கும் சொன்னேன். "கார்டை எங்க மெஷின் இருக்கற சென்டருக்குக் கொண்டு வாங்க, அத்தாட்சி காட்டுங்க, பாத்துச் சொல்லுவாங்க."

"சார், பேசன்ட் நெனவில்லாம இருக்காருங்க."

"எல்லாரும் அப்படித்தானம்மா சொல்றாங்க."

"நம்பரை மட்டும் சொல்றனுங்க சார். சைபர், சைபர், சைபர்..."ன்னு ஆரம்பிச்சுச்சு. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. நாந்தான் வெச்சுட்டேன்னு பின்னால சொன்னாங்க. கட்டாயிருச்சுங்க. அந்தப் பொண்ணும் மறுக்காக் கூப்புடலையே. முழு நம்பரையும் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல?

அன்னைக்குச் சாயங்காலம் பொழுதோட செலின் போன் பண்ணுச்சு. "அண்ணா, அவரு உங்ககிட்ட வந்தாருங்களா? காலையில திருப்பூர் போறேன்னு போனாரு. போன் போக மாட்டேங்குது." எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஒரு சந்தோசம். எங்கிட்ட வருவான்னு அவங்க வீட்டுல நெனைக்கறாங்களேன்னு. ஆனா வாயில வந்தது வேற. "எங்கிட்ட எதுக்கும்மா வர்றான்?"னு சொல்லி வெச்சுட்டேன். திருப்பூர்னு சொல்லுச்சு. எனக்குத் தோணவே இல்லைங்க. சத்தியமாத் தோணலை.

மறுநாள் காலையில கூப்புட்டுச்சு. "திருப்பூருக்கு வாங்கண்ணா." அவ்வளவுதான் சொல்லுச்சு. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போன் போட்டு விசாரிச்சுத்தான் ஆளைக் கண்டுபுடிச்சிருக்கு.

பஸ்ஸை விட்டு எறங்கறப்போ உழுந்திருக்கான். தலை பிளாட்பாரத் திண்டுல அடிச்சிருக்கு. பர்ஸையும் போனையும் எவனோ எடுத்துட்டான். பனியன் கம்பெனிக்குப் போற பசங்க யாரோ ஆட்டோவுல தூக்கிப் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. நான் போனப்போ தலையில கட்டு, வாயில குழாய். கண்ணாடி இல்லாம அவன் முகத்தை அத்தனை நேரம் நான் பாத்ததே இல்லைங்க. யாரோ மாதிரி இருந்தான்.

டாக்டர் வந்தாரு. நான் கடகடன்னு சொல்லிட்டேன். நாடி இப்படித் துடிக்கும், இந்த மாத்திரை, இத்தனை மில்லிகிராம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம், பென்சிலின் ஆகாது. அவனுக்கு என்ன மாத்திரைன்னு தெரிஞ்சுக்க எனக்கு மெஷின் வேணுங்களா? எத்தனை தடவை அதை என் கண்ணு முன்னாலதான ஏத்தி ஏத்திச் சோதனை பண்ணுனான்!

டாக்டர் கேஸ் சீட்டைப் பொரட்டிப் பாத்தாரு. "ரத்தம் நிக்கலைன்னதும் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். ரிசல்ட் வர்றதுக்குள்ள உள்ள நெறையக் கசிஞ்சிருச்சு, இனி நம்பிக்கை இல்லைங்க. வந்ததுமே தெரிஞ்சிருந்தா மாத்து மருந்து உடனே குடுத்திருப்போம். அப்பவும் பொழைச்சிருப்பார்னு உறுதியாச் சொல்ல முடியாது"ன்னாரு. பாத்தீங்களா? டாக்டரே சொல்லிட்டாரு. உறுதியாச் சொல்ல முடியாதுன்னு.

அந்த நேரத்துல ஒரு நர்சுப் பொண்ணு பாலிதீன் கவரோட வந்துச்சு. அவன் பொருளுக. வாட்ச்சு, செபமாலை, அப்பறம் அந்த வெள்ளைக் கார்டு. ரெண்டாம் நம்பர். ஓரமெல்லாம் மஞ்சப் பூத்துப் போயிருந்துச்சு. அந்தப் பொண்ணு செலின் கையில குடுத்துக்கிட்டே சொல்லுது, "இதைச் சொருகினா செல்லாத கார்டுன்னு காட்டுச்சுங்கக்கா. பின்னால இருக்கற நம்பருக்கு நேத்தே போன் பண்ணினேன். எடுத்தவரு கார்டைக் கொண்டு வரச் சொல்லி வெச்சுட்டாரு."

அதே குரல்.

செலின் திரும்பி என்னைப் பாத்துச்சு. நான் கார்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு அளவே இல்லைங்க. "யாருது செல்லாத கார்டு?"ன்னு கத்திட்டேன். "உங்க மெஷினுக்குப் படிக்கத் தெரியலைன்னு சொல்லுங்க! எங்க மெஷினா இருந்திருந்தா ரெண்டு செகண்டுல படிச்சிருக்கும்!" ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சு. ஒரு வாட்ச்மேன் வந்து கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனாரு. நான் வெளிய மரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தப்பத்தான் அவன் போயிட்டான்னு சொன்னாங்க.

குழி மூடற வரைக்கும் நின்னேன். மண்ணு போட்டேன். அவங்க முறையில போடலாமான்னு தெரியலை, போட்டுட்டேன்.

அதுக்கப்பறமும் எனக்கு மனசு ஆறலைங்க. செல்லாத கார்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கல்ல? செலின் மனசுல அது தங்கியிருமில்ல, இவங்க போட்ட கார்டு சரியில்லைன்னு? அதனால ஒரு ஞாயித்துக்கெழமை எங்க மெஷினையே எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசை மேல வெச்சு, பிளக்கு சொருகி, "கார்டை எடுத்துட்டு வாம்மா"ன்னேன். செலின் கொண்டு வந்து குடுத்துச்சு.

சொருகினேன். உடனே வந்துச்சு. டொமினிக் சகாயராஜ். வயசு, குரூப்பு, நாடிக் கோளாறு, மாத்திரை, அத்தனையும் தெளிவா. மெஷினை அது பக்கமாத் திருப்பி வெச்சேன். "பாத்தியாம்மா? ரெண்டு செகண்டுகூட ஆகலை."

செலின் அந்தப் பேரையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பறம் மெதுவாக் கேட்டுச்சு. "இப்ப இதை யாருக்குங்கண்ணா காட்டறீங்க?"

 பிளக்கைப் புடுங்கினேன். வயரைச் சுத்தினேன். சிக்கிக்கிச்சு, செலினே வாங்கிச் சிக்கெடுத்துச் சுத்திக் குடுத்துச்சு. வாசல்ல நின்னு ஒண்ணு மட்டும் கேட்டேன். "ஏம்மா, அவன் புதுக் கம்பெனியில எங்கயும் படிக்கற மாதிரி கார்டு குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்கண்ணா. எல்லாம் ஏத்தி பீரோவுல வெச்சிருக்காரு. பையில வெச்சுக்கிட்டது இதைத்தான்."

"ஏன்?"

 செலின் கதவைச் சாத்திக்கிச்சு. எனக்கு என்ன தோணுதுன்னா, எங்க கார்டு நல்லா உழைக்கும், வளையாது, அதனாலதான் வெச்சிருந்திருப்பான். வேற என்ன இருக்கப் போகுது? ஒரு வேலைக்காரனுக்குத் தெரியுமில்ல, எது நல்ல கார்டுன்னு. நீங்க என்ன நெனைக்கறீங்க? ... வேண்டாம், உடுங்க.

கிறிஸ்துமசுக்குக் கேக் வரலை. துக்க வருசம், போடாம இருந்திருப்பாங்க.

சரி, நீங்க வந்த வேலையைப் பாப்போம். சும்மா குடுக்கறேன், உங்க கம்பெனி ஒண்ணும் தர வேண்டாம். எங்க கார்டு வெச்சிருக்கற சனங்க இன்னும் எத்தனையோ பேரு ஊருக்குள்ள நடமாடிக்கிட்டு இருக்காங்க. பஸ் ஏறறாங்க, எறங்கறாங்க. இப்பல்லாம் யாராவது படியில தடுமாறுனா ஓடிப் போயி கையைப் புடிச்சுக்கறனுங்க. அதுக்காகக் குடுக்கறேன். டொமினிக் சொன்னதுக்காக இல்லை.

இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குது பாருங்க, கட்டம் கட்டமா. முதல் கட்டம் பேரு. ரெண்டாவது வயசு. இது ரத்தம். ஆமாங்க, எழுதிக்கங்க. இது வியாதி, இது மாத்திரை, இது ஆகாத மருந்து. சாவி நம்பரை நானே வந்து உங்க ஆபீசுல அடிச்சுத் தர்றேன், அதை வாயால சொல்லக் கூடாது. இது ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிக்கற எடம்.

இதுங்களா? கடைசிக் கட்டம். ஆமா, எல்லாக் கார்டுலயும் இதுல ஒரு எழுத்து இருக்கும். சிலதுல க, சிலதுல ம. நல்லாத்தான் கேட்டீங்க. அது எதுக்குன்னா... அது வந்து, மாத்திரை மாறுனா இதுவும் மாறும்னு நெனைக்கறேன். இல்லையே, அப்படியும் இல்லையே. இருங்க அம்மிணி, தப்பாச் சொல்லிறக் கூடாது. ஒரு நிமிசம் இருங்க, போனை எங்க வெச்சேன்? டொமினிக்கைக் கேட்டுச் சொல்லிடறேன், அவனுக்குத்தான் இது...

...

எழுதிக்கங்க அம்மிணி. தெரியலைன்னு எழுதிக்கங்க. நாச்சிமுத்துவுக்குத் தெரியலைன்னே எழுதிக்கங்க.